என் பிள்ளைக்காக அஞ்சலை நேர்ந்துகொண்ட கூழ்

இராயபுரத்துக்குக் குடிவந்த முதல் வருஷம், கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து நான் சேலையைக்கூட மாற்றவில்லை, வாசலில் ஒரே பேச்சுச் சத்தம். எட்டிப் பார்த்தால் எதிர்வீட்டு அஞ்சலையும், அவளுடைய நாத்தனார் குப்பம்மாவும், பெயர் தெரியாத இன்னும் இரண்டு பெண்களும் ஆளுக்கொரு தட்டை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். "இன்னிக்கு உங்களுக்குத் தீவாளியாமே? பலகாரம் இன்னா பண்ணிகீற?" என்று கேட்டபடியே அஞ்சலை நேராக அடுப்படிவரை வந்துவிட்டாள். இது தீபாவளி இல்லை, இயேசு சுவாமி பிறந்த நாள் என்று விளக்கினேன். "அதான்க்கா, உங்க சாமி தீவாளி" என்று சொல்லிவிட்டு முறுக்கு வைத்திருந்த தகரத்தின் மூடியைத் திறந்தாள். எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல! முன்பின் பழக்கமில்லாதவள் அடுப்படியில் நின்று என் முறுக்கை எண்ணெய் காறல் அடிக்கிறதா என்று முகர்ந்து பார்க்கிறாள். நம் ஊரில் இப்படி நடக்குமா? கேட்காமலே கொடுப்போம், அழைக்காமல் போகமாட்டோம். இங்கே எல்லாம் தலைகீழ்.

ஊரில் இதை வாசிக்கப்போகும் சகோதரிகளுக்கு நான் இருக்கிற இடத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும். என் வீட்டுக்காரருக்குத் தண்டையார்பேட்டையில் கருப்பட்டி மண்டி. குடியிருப்பு இராயபுரத்தில், கடலை ஒட்டிய ஒரு சந்தில். தெருவில் முக்கால்வாசிப் பேர் கடலுக்குப் போகிற குடும்பங்கள், மீதிப்பேர் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள். மீன் நாற்றம், நிலக்கரிப் புகை, ஆலைச் சங்கு, டிராம் வண்டியின் கிணுகிணுப்பு, இவ்வளவையும் சகித்துக்கொள்ளலாம். என் பிள்ளையை நம் விசுவாசத்தில் வளர்ப்பது எப்படி என்பதுதான் எனக்குப் பெரிய பாடாக இருந்தது. நம் திருநெல்வேலிப் பக்கம் ஒரு தாய்க்கு அந்தக் கவலையே கிடையாது. ஊரே ஒரு சபை. விடியற்காலை மணி அடித்தால் தெருவே எழுந்து ஜெபிக்கும், பிள்ளை தானாக அதில் வளர்ந்துவிடும். இங்கே என் லில்லி ஆறு வயதில் ஞாயிறுபள்ளி வசனத்தைத் தப்பும் தவறுமாக ஒப்பிக்கிறாள், மாரியாத்தா பாட்டைத் தாளம் தப்பாமல் பாடுகிறாள். "என்ன" என்று கேட்கத் தெரியவில்லை, "இன்னா" என்கிறாள். அடித்தும் பார்த்தேன், கொஞ்சியும் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

அடுத்த தகராறு பொங்கலுக்கு வந்தது. அஞ்சலை பெரிய தூக்குவாளி நிறையச் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தாள். சாமிக்குப் படைத்ததை நாம் சாப்பிடுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். நம் ஊரில் அதைச் சொல்லவேண்டிய அவசியம் எனக்கு வந்ததே இல்லை, படைக்கிறவர்கள் அடுத்த ஊரில் இருந்தார்கள். இங்கே முகத்துக்கு நேராகச் சொன்னேன். அவள் வாளியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அத்தோடு பேச்சு முறிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் அடுத்த விசேஷத்துக்கு, அடுப்பிலிருந்து இறக்கிய கையோடு ஓடிவந்தாள். "சாமிக்கு வெக்கறதுக்கு மின்னாடியே எடுத்தாந்துட்டேன்க்கா. இப்ப துன்னலாமில்ல?" என்றாள். எதிர்வீட்டிலிருந்து குப்பம்மா கத்திய கத்தல் தெரு முனைவரை கேட்டது. சாமிக்கு வைக்குமுன் மனுஷருக்கு எடுப்பது அவர்களுக்கு எவ்வளவு பெரிய குற்றம் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதற்குப் பிறகும் அஞ்சலை ஒவ்வொரு விசேஷத்துக்கும் அப்படியேதான் கொண்டுவந்தாள். என் சட்டத்தைக் காப்பாற்ற அவள் தன் சட்டத்தை மீறுகிறாள்! இதற்கு நான் சந்தோஷப்படுவதா, சங்கடப்படுவதா?

அந்த வருஷம் ஐப்பசிப் புயலில் அஞ்சலையின் புருஷன் போன கட்டுமரம் திரும்பவில்லை. அவள் கரையிலேயே கிடந்தாள், தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்தபடி ஜெபம் பண்ணினேன். அவள் புருஷன் எண்ணூர்ப் பக்கம் நெட்டுக்குப்பத்தில் கரையேறி, நடந்தே வீடு வந்து சேர்ந்தார். அந்த ஞாயிறே சபையில் அவர் பெயரைச் சொல்லி ஸ்தோத்திரக் காணிக்கை வைத்தேன். சபையார் எல்லாரும் மெச்சினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

சித்திரை வெயிலில் லில்லிக்குத் தட்டம்மை கண்டது. காய்ச்சல் தலைக்கு ஏறிப் பிள்ளை பிதற்ற ஆரம்பித்துவிட்டது. டாக்டர் வந்து மருந்து கொடுத்துவிட்டுக் கையை விரிக்காத குறையாகப் போனார். நம்மவர்கள் வாசலில் நின்று ஜெபித்துவிட்டுப் போனார்கள். உள்ளே வரவில்லை, அவரவர் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறதே, குற்றம் சொல்ல முடியாது. அஞ்சலை மட்டும் உள்ளே வந்தாள். மீன் கூடையைத் தலையில் வைக்காமல், வியாபாரத்தை விட்டுவிட்டு, பிள்ளையின் பக்கத்திலேயே உட்கார்ந்து வேப்பிலையால் விசிறித் தடவிக்கொடுத்தாள். நான் கண் அயர்ந்தபோதெல்லாம் அவள் விழித்திருந்தாள். பிள்ளை பிழைத்தது. கர்த்தர் பிழைக்க வைத்தார் என்று நான் நம்புகிறேன், இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இராப்பகலாக விசிறியது யார் கை என்பதும் எனக்குத் தெரியும்.

ஆடி பிறந்து ஒரு வெள்ளிக்கிழமை, அஞ்சலை வந்து கதவோரமாக நின்றாள். எப்போதும் நேரே அடுப்படிக்கு வருகிறவள் அன்று உள்ளே வரவில்லை. அதிலேயே எனக்குச் சந்தேகம் தட்டியது.

"யக்கா, ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டியே?"

"சொல்லு."

"பாப்பா அம்மை போட்டுக் கெடந்தப்ப நம்ம எல்லையம்மனாண்ட வேண்டிகினேன். கொயந்தை எயிந்து நடந்தா, ஆடியில அது கையாலயே மொதல் கூழு ஊத்த வெக்கறேன்னு. வர்ற ஞாயித்துக்கெயமை எங்க ஊட்டுக் கூழு. பாப்பாவ அனுப்புக்கா."

"யாரைக் கேட்டு நேர்ந்த? எம் பிள்ளைய உங்க அம்மனுக்கு நேர நீ யாரு?" என்று கத்திவிட்டேன்.

"கேட்டா நீ வேணான்னுவ. அதான் கேக்கல." அவள் கொஞ்சமும் அசையவில்லை. "எங்கூட்டுக்காரரு காணாம பூட்டப்ப நீ மட்டும் உங்க சாமியாண்ட பேசல? வந்ததும் கோயில்ல காணிக்கை போட்ட. என்னைக் கேட்டுகினா போட்ட? நான் சண்டைக்கு வந்தனா?"

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வேண்டுதல் நின்னுபோனா அது உன் மேல வராதுக்கா, என் மேலதான் வரும். அவரு தெனம் கடலுக்குப் போறாரு. அத்த நெனச்சிப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். "அவளுக்கு ஒரு சேலை எடுத்துக் குடு. நல்ல சேலையாவே எடு. பிள்ளைய மட்டும் அனுப்பாத" என்றார்.

"பிள்ளை கெடையில கெடந்தப்ப அவ சேலைக்கா வந்தா?"

"நான் சபைக் கமிட்டியில இருக்கிறவன். நாளைக்கு எவன் மூஞ்சியில முழிக்கச் சொல்லுத?"

"அவ புருஷன் கடலுக்குப் போறான். ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நான் அவ மூஞ்சியில எப்படி முழிக்கது?"

"நீ அந்த வேண்டுதல நம்புதியா?" என்று கேட்டார். நம்பவில்லை. சத்தியமாக நம்பவில்லை. ஆனால் அவள் நம்புகிறாளே! அவள் பயத்தில் கிடந்து சாவதை நான் ஜன்னல் வழியாகத் தினமும் பார்க்கவேண்டுமே! இதை அவருக்கு எப்படி விளங்கவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நம் ஊரில் இருந்தால் இந்தக் கேள்வியே எழும்பியிருக்காது. அங்கே நமக்கு அஞ்சலை கிடையாது. இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வருவது. அங்கே நாம் விசுவாசத்தில் உறுதியாக இருந்தோம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அதைச் சோதிக்க ஒரு ஆள்கூட நம் தெருவில் இல்லை என்பதை யோசிக்கவே இல்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்து மூவருமாக வந்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. எங்கள் சந்தில் கால்வைக்க இடமில்லை. மஞ்சள் பூசி வேப்பிலை கட்டிய பெரிய அண்டா நடுத்தெருவில் இருக்கிறது, சுற்றிலும் ஜனங்கள் சொம்பும் தூக்கும் தகரக் குவளையுமாக வரிசையில் நிற்கிறார்கள். மூட்டை தூக்குகிறவர்கள், கைப்பிள்ளைக்காரிகள், எங்கிருந்தோ கூழ் என்று கேள்விப்பட்டு வந்தவர்கள். அம்மனுக்குப் படைத்து வெகுநேரம் ஆகியிருந்தது. ஆனால் ஒருவருக்கும் ஊற்றவில்லை. நேர்ந்துகொண்ட பிள்ளை வந்து முதல் கரண்டி ஊற்றாமல் அண்டாவைத் தொடமாட்டேன் என்று அஞ்சலை கரண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாளாம். குப்பம்மா அவளை வாய்க்கு வந்தபடி ஏசுகிறாள். எங்களைப் பார்த்ததும் வரிசையே திரும்பியது. "இந்தப் பாப்பாதானா? வாம்மா, சட்டுனு ஊத்து, பசி தாங்கல" என்றார் ஒரு கிழவர்.

அஞ்சலை என்னைக் கூப்பிடவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் குனிந்த தலையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வீட்டுப் பக்கம் போனார். நான் நின்றேன். அந்த நேரத்தில் நம் ஊர் அசனப் பண்டிகைதான் ஞாபகத்துக்கு வந்தது, அதுவும் நல்லவிதமாக வரவில்லை. சபையார் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவோம் என்று எவ்வளவு பெருமை பேசுவோம்! எல்லாரும் என்றால் யார் யார்? தெற்குத் தெருக்காரர்களும் ஞானஸ்நானம் பெற்றவர்கள்தானே. நாம் சாப்பிட்டு எழும்பியபிறகு, பின்பக்கம், அண்டாவின் அடியில் மிஞ்சியதைத்தானே அவர்களுக்குப் போட்டோம். நான் சின்னப் பிள்ளையாக அதைப் பார்த்துக்கொண்டே கறித்துண்டு கடித்திருக்கிறேன். இந்தச் சந்துக்காரர்கள் ஒன்றும் பெரிய உத்தமர்கள் இல்லை, தெருக்கூட்டுகிற ஆளுக்கு உயரத் தூக்கித்தான் ஊற்றுவார்கள், அதையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அன்று அங்கே பசியோடு நின்றவர்கள் என் பிள்ளைக்காகக் காத்து நின்றார்கள். வேதப்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர்களை எப்படித் தாண்டிப் போவது?

புத்தகத்தைக் கைப்பையில் வைத்தேன். லில்லியைத் தூக்கினேன். கரண்டி கனமாக இருந்ததால் அவள் கையோடு என் கையையும் சேர்த்துப் பிடித்து, முதல் கரண்டிக் கூழை அந்தக் கிழவரின் குவளையில் ஊற்றினோம். நான் அம்மனைப் பார்க்கவில்லை, கும்பிடவில்லை. மனதுக்குள் நம் கர்த்தருடைய ஜெபத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். லில்லிக்கோ ஒரே குஷி. ஒன்றோடு நிறுத்தமாட்டேன் என்று வரிசையில் பாதிப் பேருக்கு ஊற்றினாள். பிள்ளையின் வெள்ளைக் கவுன் முழுக்கக் கேழ்வரகு.

அஞ்சலை அழுதுகொண்டே ஒரு குவளையை என்னிடம் நீட்டினாள். "ஒரு வாய் குடிக்கா."

"நாங்க குடிக்கக் கூடாது அஞ்சலை. உனக்குத் தெரியும்லா."

"தெரியும். மத்ததுன்னா மின்னாடியே எடுத்து வெப்பேன். இது ஆத்தாளுக்கு நேர்ந்ததுக்கா, இதுல எடுக்க முடியாது."

நான் கையை நீட்டவில்லை. அவள் முகம் சுருங்கிவிட்டது. குப்பம்மா சும்மா இருப்பாளா? "ஊத்தறதுக்குக் கை நீளுது, குடிக்க வாய் வரல. ஆத்தா கூழு அம்மாங் கலீஜா பூட்ச்சா?" என்று ஊர் கேட்கக் கேட்டாள். வரிசையில் ஒன்றிரண்டு பேர் குவளையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். இவ்வளவும் செய்து கடைசியில் எனக்குக் கிடைத்த பெயர் இதுதான்.

வீட்டுக்குள் போனால் அங்கே இன்னொரு நியாயத்தீர்ப்பு. அவர் அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. அந்த வாரமே சபைக் கமிட்டி கூடியது. விக்கிரகப் பண்டிகையில் பங்குகொண்டதாக என் பெயர் எழும்பியது. ரொம்பவும் சூடாகப் பேசியவர் யார் தெரியுமா? நம் ஊர்ப் பக்கத்து வியாபாரி ஒருவர். ஆயுதபூஜை அன்று அவர் கிடங்கில் கூலியாட்கள் படம் வைத்துச் சூடம் கொளுத்துகிறார்கள், பொரி கடலைக்கு ஏற்பாடு செய்வது இவர்தான். இல்லாவிட்டால் ஆள் நிற்காது என்பார். கிடங்குக்கு ஒரு நியாயம், தெருவுக்கு ஒரு நியாயம்! மூன்று மாதம் திருவிருந்தில் சேரக்கூடாது என்று முடிவாகியது. என் வீட்டுக்காரரும் அந்த அறையில்தான் இருந்தார். எனக்காக ஒரு வார்த்தை பேசினாரா என்று கேட்டேன். "என்னத்தப் பேச?" என்றார். இரவுச் சாப்பாட்டை அவருக்கு வைத்துவிட்டு நான் சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன். அவரோடு சண்டை போட்டேன், குருவானவரை ஏசினேன், அஞ்சலை செய்ததில் என்ன தப்பு என்று கேட்டுக் கேட்டு அவர் காதைப் புண்ணாக்கினேன்.

லில்லி இதையெல்லாம் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கவில்லை. எதிர்வீட்டில் போய் ஒப்பித்துவிட்டாள். மறுநாள் அஞ்சலை தலையில் இருந்த மீன் கூடையை வாசலில் தொப்பென்று வைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

"பசிச்சவனுக்குக் கூழு ஊத்துனதுக்கா உனுக்கு சோறு இல்லன்ட்டாங்க? இன்னா கோயிலுக்கா அது? உங்க சாமி சொன்னாரா, இல்ல இவனுங்களா சொல்லிக்கறானுங்களா? எந்த ஆளுன்னு காட்டு, நான் வந்து கேக்கறேன்."

முந்தின இரவு நான் என் புருஷனிடம் கேட்ட அதே கேள்விகள்தான். ஆனால் அவள் வாயிலிருந்து வந்ததும் எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ரோஷம் வந்ததோ! ஊரில் என் ஞானஸ்நானம், என் கல்யாணம், என் தாயாரின் அடக்கம், எல்லாம் இதே சபையின் கோயிலில் நடந்தவை. அதை ஒரு புறத்தியாள் பேசுவதா? "எங்க சபையப் பத்தி நீ பேசாத. உனக்கு என்ன தெரியும்?" என்றேன். அவள் கூடையைத் தானே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அவள் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. பாருங்கள் என் நிலைமையை. வீட்டுக்குள் அவளுக்காகச் சண்டை, அவளிடம் சபைக்காகச் சண்டை. இரண்டு பக்கமும் எனக்குப் பகை.

ஆவணியில் திருவிருந்து ஞாயிறு வந்தது. போகாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தேன். பிறகு, நான் ஏன் ஒளியவேண்டும் என்று கடைசி பெஞ்சில், திடப்படுத்தல் பெறாததால் திருவிருந்தில் சேரமுடியாத பிள்ளைகள் உட்காரும் இடத்தில், லில்லியோடு போய் உட்கார்ந்தேன். சபையார் எழுந்து வரிசையாக முன்னால் போக ஆரம்பித்தார்கள். என் வீட்டுக்காரரும் போனார். பெண்கள் பக்கத்தில் என்னைத் தாண்டிப் போனவர்கள் சேலைத் தலைப்பைச் சரிசெய்கிற சாக்கில் என்னைப் பார்த்துக்கொண்டே போனார்கள். எவ்வளவு அடக்கியும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போதுதான் பெஞ்சின் அந்த ஓரம் கிரீச்சென்றது. அஞ்சலை! நெற்றி நிறையக் குங்குமமும் தலையில் கதம்பமுமாக, எங்கள் கோயிலுக்குள் ஒருநாளும் வராதவள், லில்லியைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ எதுக்கு வந்த?" என்றேன், மெதுவாக.

"பாப்பா சொல்ச்சி. எல்லாரும் துன்னப் போவாங்களாம், எங்கம்மா மட்டும் தனியா குந்திகினு இருக்கும்னு. அதான் வந்தேன்" என்றாள்.

வாசலருகே நின்ற சபை மூப்பர், ஆயுதபூஜைக்குப் பொரி வாங்கித் தரும் அதே வியாபாரிதான், சத்தமில்லாமல் வந்து என் காதருகே குனிந்தார். "ஸ்தோத்திரம் எஸ்தரம்மா! தண்டனை காலத்திலயும் ஒரு ஆத்துமாவக் கூட்டிட்டு வந்துட்டீங்களே" என்று முகமெல்லாம் மலர்ந்து சொன்னார். எனக்குச் சிரிப்பதா, எழுந்து நின்று கத்துவதா என்று தெரியவில்லை. அஞ்சலைக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் போனபிறகு கழுத்தை நீட்டி முன்னால் பார்த்தாள்.

"அங்க இன்னாக்கா குடுக்கறாங்க?"

"ஒரு சின்னத் துண்டு அப்பம். ஒரு மடக்கு திராட்சரசம்."

"அவ்ளோதானா? இத்துணூண்டுக்கா அயுவுற?"

"ஆமா, அதுக்குத்தான்" என்றேன்.

அவள் மீன் வாடை போகாத கையால் என் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். முன்னால், நான் வழக்கமாக முழங்கால்படியிடும் இடத்தில், வேறொருத்தி குனிந்து கை ஏந்திக்கொண்டிருந்தாள். அஞ்சலையின் பிடியிலிருந்து கையை நான் எடுக்கவும் இல்லை, அந்த இடத்திலிருந்து கண்ணை எடுக்கவும் முடியவில்லை.